பழைய புத்தக வாசமா, பூஞ்சணமா?

பழைய புத்தகத்தின் வாசத்தைப் புகழாத தமிழ்ப் பேச்சாளரைக் காண்பது அரிது. நூல் வெளியீடானாலும் இலக்கியச் சந்திப்பானாலும் யாரேனும் ஒருவர் மேடையேறி, "கணினித் திரையில் படிப்பதில் என்ன இருக்கிறது, பழைய நூலைத் திறந்தவுடன் வரும் அந்த வாசம் கிடைக்குமா?" என்று கேட்பார். அவையோரும் தலையசைப்பார்கள். அந்த வாசத்தில் இரண்டு வகை உண்டு என்பதை மட்டும் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. தாளிலுள்ள லிக்னின் என்னும் மரப்பொருள் ஆண்டுக்கணக்கில் சிதைவதால் எழும், வெனிலாவைச் சற்றே ஒத்த மணம் ஒன்று. அதை யார் வேண்டுமானாலும் புகழலாம். மற்றொன்று, மழைக்காலத்தில் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் மக்கிய வாடை. அது தாளின் மணமன்று. தாளைத் தின்று வளரும் பூஞ்சணம் வெளிவிடும் வாயுக்களின் நெடி அது.

பூஞ்சணம் என்றவுடன் நமக்கு நூல்கள் கெட்டுப்போகுமே என்ற கவலைதான் வருகிறது. நூலைப் பற்றிக் கட்டுரைகள் உள்ளன, கருத்தரங்குகள் உள்ளன. அந்த நூலை நாள்தோறும் எடுத்துத் துடைத்து மீண்டும் அடுக்கி வைக்கும் மனிதரின் மூச்சைப் பற்றி நாம் பேசுவதே இல்லை என்றால் அது மிகையாகாது. நூலகப் பூஞ்சணத்தை நூல் பாதுகாப்புப் பிரச்சினையாக மட்டும் பார்க்காமல், முதலில் ஒரு வேலையிடச் சுகாதாரப் பிரச்சினையாகப் பார்க்க வேண்டும் என்பதே என் வாதம்.

இதை நான் ஏட்டிலிருந்து மட்டும் சொல்லவில்லை. என் சின்னம்மா கோலா கங்சார் வட்டாரத்தில் ஒரு நூலகத்தில் பல ஆண்டுகள் துப்புரவுப் பணியாளராக இருந்தார். எந்த நூலகம் என்பது இங்கே தேவையில்லை. குத்தகை நிறுவனத்தின் வழியாக வந்த வேலை. காலையில் தரை கூட்டுவது, கழிவறை கழுவுவது, பிறகு அலமாரிகளைத் துடைப்பது. மாதம் ஒருமுறை பின்கட்டிலிருந்த சேமிப்பறையைச் சுத்தம் செய்ய வேண்டும். அங்கேதான் பழைய நாளிதழ்க் கட்டுகளும், யாரோ அன்பளிப்பாகக் கொடுத்து இன்னும் பட்டியலிடப்படாத நூல்களும் இருந்தன. அவருக்கு இருமல் வந்தது. மூக்கு ஒழுகிக்கொண்டே இருந்தது. கண்ணில் அரிப்பு. சளி என்று மருந்து கொடுத்தார்கள், வாங்கிக் குடித்தார். "தீபாவளிக்கு ஒரு வாரம் லீவு போட்டா சரியாப் போயிடுதும்மா, வேலைக்குப் போனா ரெண்டு நாள்ல திரும்ப வந்துடுது" என்று அவரே சொல்வார். சொல்லிவிட்டு, "வயசாகுதுல்ல" என்றும் சேர்த்துக்கொள்வார்.

விடுமுறையில் குறைந்து, வேலைக்குத் திரும்பியதும் கூடும் நோய் என்பது வேலையிட நோயை அடையாளம் காண மருத்துவர்கள் கேட்கும் முதன்மையான குறிப்பு. அவர் போய் வந்த மருந்தகங்களில் எதிலும், "என்ன வேலை செய்கிறீர்கள், அங்கே காற்று எப்படி?" என்று யாரும் கேட்கவில்லை. அவராகச் சொல்லவும் தோன்றவில்லை. பழைய புத்தகம் என்றால் தூசு இருக்கத்தானே செய்யும் என்றுதான் அவரும் நினைத்திருந்தார். மூச்சிரைப்பு வந்த பிறகு ஈப்போவில் ஒரு மருத்துவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். அதன் பின்னர் சின்னம்மா வேறு வேலைக்கு மாறிக்கொண்டார். இரைப்பு முற்றாகப் போகவில்லை. உறிஞ்சு மருந்துக் குப்பி இன்றும் கைப்பையில் இருக்கிறது.

தமிழ்ப்பள்ளியில் படித்த நமக்கெல்லாம் பூஞ்சணம் பழைய நண்பன்தான். அறிவியல் பாடத்தில் ஒரு துண்டு ரொட்டியில் நீர் தெளித்து, நெகிழிப்பையில் கட்டி, மற்றொரு துண்டைக் காய்ந்த நிலையில் வைத்து, சில நாள் கழித்து எதில் பூஞ்சணம் பூத்தது என்று எழுதினோம். அந்தச் சோதனை சொன்ன செய்தி ஒன்றுதான்: உணவு மட்டும் போதாது, ஈரமும் வேண்டும். நூலகத்தில் உணவுக்குப் பஞ்சமே இல்லை. தாள் என்பது செல்லுலோஸ். கட்டமைப்பில் மாவுப் பசை, பழைய நூலென்றால் தோல் உறை, அதன் மேல் நம் விரல் விட்டுச் சென்ற எண்ணெய்ப் பிசுக்கு. எஞ்சியிருப்பது ஈரம். காற்றின் ஈரப்பதம் 65, 70 விழுக்காட்டைத் தாண்டி அங்கேயே நின்றுவிட்டால் பூஞ்சணம் வளரத் தொடங்கும். நூல் நேரடியாக நனைந்துவிட்டாலோ ஓரிரு நாளுக்குள் உலர்த்தியாக வேண்டும்.

எங்கள் ஊரின் காலை நேரத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது என்று சொல்ல வேண்டியதில்லை. பேராக் ஆற்றின் கரையில் இருக்கும் ஊர் கோலா கங்சார். விடியற்காலையில் ஆற்றிலிருந்து எழும் பனிமூட்டம் கடைத்தெரு வரை வரும். புக்கிட் பெராப்பிட் கணவாய்க்கு அப்பால் இருக்கும் தைப்பிங்கோ, ஆண்டுக்கு ஏறக்குறைய 4000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர். தீபகற்ப மலேசியாவிலேயே மழை மிகுந்த நகரம் அதுதான் என்பார்கள். இந்த வட்டாரத்தில் ஓர் அறையைப் பூட்டிவைத்தால் அது தானாகவே அந்த ரொட்டிப் பையாகிவிடும்.

இங்கே ஒன்றைக் குறிப்பிடத் தோன்றுகிறது. பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோ காலத்தில், 1877-இல், மலாயாவின் முதல் ரப்பர் கன்றுகள் நடப்பட்ட ஊர்களில் கோலா கங்சாரும் ஒன்று. அந்நாளைய மரம் என்று சொல்லப்படும் ஒன்றை இன்றும் ஊரில் காட்டுகிறார்கள். அந்த ரப்பரை நம்பி வந்தவர்கள்தாம் எங்கள் முன்னோர். என் பாட்டி தோட்டத்துப் புகைக்கூடத்தில் வேலை செய்தவர். பாலை உறையவைத்து, உருளையில் கொடுத்துத் தகடாக்கி, சட்டங்களில் தொங்கவிட்டு, ரப்பர் கட்டையை எரித்து நாள்கணக்கில் புகை போடுவார்கள். எதற்கு அந்தப் புகை? தகட்டை உலர்த்துவதற்கும், அதில் பூஞ்சணம் பிடிக்காமல் காப்பதற்கும்தான். பூஞ்சணம் கண்ட தகடு தரம் இறங்கும், விலை இறங்கும். ஆகவே வெப்பம் எவ்வளவு, புகை எவ்வளவு, தகடு எந்த நாள் வெளியே வரவேண்டும் என்பதற்கெல்லாம் கணக்கிருந்தது, பார்த்துக்கொள்ள ஆளிருந்தார். அந்தப் புகையைச் சுவாசித்த பாட்டியின் நெஞ்சுக்கு ஒரு கணக்கும் இல்லை. தகட்டுக்கிருந்த மதிப்பு தகட்டைத் தொங்கவிட்டவருக்கு இல்லை. அவருடைய மகள் ஒரு தலைமுறை கழித்து நூலகத்துக்குள் போனார். அங்கேயும் கதை அதுவாகத்தான் இருந்தது. இம்முறை பொருளைக்கூட யாரும் காக்கவில்லை என்பது மட்டுமே வேறுபாடு.

பூஞ்சணம் வித்துகளால் பரவுகிறது. நூலகங்களில் மிகுதியாகக் காணப்படும் ஆஸ்பெர்ஜில்லஸ் வகையின் வித்து 2 அல்லது 3 மைக்ரான் அளவே இருக்கும். நம் தலைமுடியின் தடிப்பு சராசரியாக 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் அதன் நுண்மை விளங்கும். பெரிய தூசு மூக்கிலேயே தங்கிவிடும். இவ்வளவு சிறிய துகளோ நுரையீரலின் அடிவரை செல்லக்கூடியது. பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது. ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தும்மல், கண்ணரிப்பு, மூக்கடைப்பு. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இரைப்பு அதிகமாகும். ஒவ்வொரு நாளும் மிகுதியாகச் சுவாசிக்கும் சிலருக்கு நுரையீரலே ஒவ்வாமையால் வீங்கி, காய்ச்சலும் மூச்சுத்திணறலும் வரும். மக்கிய வைக்கோலைக் கையாளும் விவசாயிகளிடம் கண்டறியப்பட்டதால் அதற்கு விவசாயி நுரையீரல் நோய் என்றே ஒரு பெயர் உண்டு. நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கு ஆஸ்பெர்ஜில்லஸ் உயிருக்கே ஆபத்தாகலாம். உலகச் சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட பூஞ்சணக் கிருமிகளின் முன்னுரிமைப் பட்டியலில் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபுமிகேட்டஸ் முதல் வரிசையில் இருக்கிறது.

இதைச் சொல்லும்போதே சிலர் போலந்து மன்னர் கல்லறைக் கதையை எடுத்து வருவார்கள். 1973-இல் கிராக்கோ நகரில் நான்காம் காசிமிரின் கல்லறையைத் திறந்த ஆய்வாளர்களில் சிலர் அடுத்தடுத்து இறந்தார்கள், உள்ளே ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளாவஸ் என்ற பூஞ்சணம் கண்டறியப்பட்டது. சாபம், பழிவாங்கல் என்று வாட்ஸ்அப்பில் வலம்வரும் கதை அது. அந்தச் சாவுகளுக்குப் பூஞ்சணமே காரணம் என்று உறுதிப்படவில்லை. நமக்கு அக்கதை தேவையுமில்லை. பரபரப்பான சாவைக் காட்டினால்தான் ஒரு பிரச்சினையைப் பிரச்சினையாக ஏற்போம் என்றால், இருபது ஆண்டு இருமிக்கொண்டிருப்பவரின் துன்பத்துக்கு நம்மிடம் இடமில்லாமல் போய்விடும்.

நம் நாட்டில் இதற்கு விதி இல்லாமலில்லை. வேலையிடப் பாதுகாப்பு சுகாதார இலாகா 2010-இல் வெளியிட்ட உட்புறக் காற்றுத்தர நடைமுறை விதித்தொகுப்பு, ஒரு கன மீட்டர் காற்றில் வளரக்கூடிய பூஞ்சணக் கூறுகள் 1000-க்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது. வெப்பநிலை 23 முதல் 26 பாகை, ஈரப்பதம் 40 முதல் 70 விழுக்காடு என்றும் வரம்பு வகுத்திருக்கிறது. எட்டு மணி நேர வேலையில் ஒருவர் ஏறத்தாழ 10 கன மீட்டர் காற்றைச் சுவாசிக்கிறார் என்பது வேலையிடச் சுகாதாரத் துறையினர் வழக்கமாகக் கொள்ளும் கணக்கு. அப்படியானால் விதிக்கு உட்பட்ட ஓர் அறையிலேயே நாளொன்றுக்குப் பத்தாயிரம் வரை உள்ளே போகலாம்.

அந்த எண்ணை எப்படிப் பெறுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு கருவி காற்றை உறிஞ்சி அகார் தட்டின் மேல் செலுத்தும். தட்டைச் சில நாள் வைத்திருந்து முளைத்த கூட்டங்களை எண்ணுவார்கள். முளைப்பது உயிருள்ள வித்து மட்டுமே. செத்த வித்தும் ஒவ்வாமை தரும், ஆனால் அது தட்டில் முளைக்காது, கணக்கிலும் வராது. மேலும், அளவெடுக்க வருபவர் அமைதியான வேளையில் வாசிப்பு மண்டபத்தின் நடுவில் கருவியை வைத்தால், அங்கே அமர்ந்து படிப்பவரின் காற்றைத்தான் அது அளக்கும். சேமிப்பறையில் கட்டைப் பிரித்து, துணியால் தட்டும் கணத்தில் அந்தப் பெண்ணின் முகத்தருகே எவ்வளவு என்பதை அது அளக்காது. உண்மையான அளவு அங்கேதான் இருக்கிறது. இதனால்தானோ என்னவோ, உலகச் சுகாதார நிறுவனம் ஈரம், பூஞ்சணம் பற்றி 2009-இல் வெளியிட்ட வழிகாட்டியில் இத்தனை வித்து வரை பாதுகாப்பானது என்று எந்த எண்ணையும் தரவில்லை. ஈரத்தைத் தடுங்கள், கண்ட இடத்தில் சரிசெய்யுங்கள் என்பதோடு நிறுத்திக்கொண்டது. எனக்கு அதுவே நேர்மையான நிலைப்பாடாகப் படுகிறது.

இன்னொரு ஓட்டையும் உண்டு. நம் விதித்தொகுப்பு குளிர்சாதன வசதியோ இயந்திரக் காற்றோட்டமோ உள்ள வேலையிடங்களுக்கானது. மின்விசிறியும் சன்னலுமாக இருக்கும் பள்ளி வள மையம் அதன் எல்லைக்குள் வருவதில்லை. தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு இடம்பெயர்ந்த எத்தனையோ தமிழ்ப்பள்ளிகளின் நூல்கள் அப்படிப்பட்ட அறைகளில்தான் இருக்கின்றன. அங்கே துடைப்பவர்கள் நூலகப் பொறுப்பாசிரியரும் பத்து வயது நூலகக் கண்காணிப்பாளர்களும்.

குளிர்சாதனம் இருந்தால் தொல்லை தீர்ந்தது என்றும் எண்ணிவிட வேண்டாம். பகலில் குளிரூட்டி, மாலை ஐந்து மணிக்கு நிறுத்திவிட்டுப் போகிறோம். வெளியிலுள்ள வெப்பமான ஈரக்காற்று கதவிடுக்கிலும் சன்னலிடுக்கிலும் நுழைந்து, குளிர்ந்திருக்கும் சுவரையும் நூலையும் தொடுகிறது. குளிர்ந்த போத்தலின் மேல் நீர் முத்துமுத்தாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதைதான். சனி, ஞாயிறு முழுதும் இது நடக்கும். இடையிடையே ஓடும் குளிர்சாதனத்தைவிட நல்ல காற்றோட்டமுள்ள அறை மேலானது என்று சொல்லும் அளவுக்கு இது கெடுதல் செய்கிறது. மின்கட்டணம் மிச்சம் என்று கணக்கெழுதுபவர் இந்தக் கணக்கை எழுதுவதில்லை.

2020-ஆம் ஆண்டு மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. மே மாதம் ஒரு பேரங்காடிக் கடையைத் திறந்தபோது தோல் காலணிகளும் கைப்பைகளும் வெண்பூஞ்சணம் போர்த்திக் கிடந்த படங்கள் நாடெங்கும் பரவின. எல்லாரும் வியந்து பகிர்ந்தோம். அதே வாரங்களில் நாடெங்கும் நூலகங்களும் பள்ளி வள மையங்களும் பூட்டியே கிடந்தன. அவற்றைத் திறந்து முதலில் உள்ளே நுழைந்தவர் யார்? துடைப்பத்தோடு போன ஒருவர்தான். அவர் கோவிட்டுக்காக ஒரு மெல்லிய முகக்கவசம் அணிந்திருப்பார். அன்று அவருக்குக் கிடைத்த ஒரே பாதுகாப்பு, வேறொரு நோய்க்காக வந்தது.

இப்படியான கவனக்குறைவுக்கு நம் மொழிப்பற்றும் ஓரளவு காரணம் என்று நினைக்கிறேன். சிலருக்கு இது கசப்பாக இருக்கலாம். உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று செல்லரித்த ஏடுகளைத் தேடி மீட்ட வரலாறு நமக்குப் பாடம். அதைப் படித்து வளர்ந்த நமக்கு, நூலுக்காகத் தன்னை வருத்திக்கொள்வதே உயர்வு என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. பெரியோர் தாமாக ஏற்ற வருத்தம் அது. அதையே காட்டி, மாதச் சம்பளத்துக்கு வந்த ஒருவரைப் பூஞ்சண அறைக்குள் அனுப்பும்போது தியாகம் என்ற சொல் பொருந்தாது. மாணவர் அமைப்புகளும் இதற்கு விலக்கன்று. ஆண்டுக்கொருமுறை கோத்தோங் ரோயோங் என்று அறிவித்து, முதலாமாண்டு மாணவர்களைக் கூட்டி, அன்பளிப்பாக வந்த பழைய நூல்களைத் தட்டித் துடைக்க வைக்கிறோம். மதியம் நாசி லெமாக் பொட்டலம் கொடுக்கிறோம், படம் எடுத்து இதழில் போடுகிறோம். முகக்கவசம் வாங்க ஒரு வெள்ளிகூட வரவுசெலவில் இருப்பதில்லை.

ஏட்டுச்சுவடிகளைக் காத்த நம் முன்னோர் இவ்வளவு அலட்சியமாக இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சுவடிக்கு எலுமிச்சம்புல் எண்ணெய் தடவினார்கள், வசம்பும் வேப்பிலையும் வைத்தார்கள், துணியில் சுற்றி அடுப்புப் புகை படும் பரணில் வைத்தார்கள். வரும்முன் காப்பது என்பதே அவர்கள் முறை. நாமோ வந்தபின் அந்துருண்டையைப் போடுகிறோம். அந்துருண்டை பூச்சியை விரட்டும், ஈரத்தை விரட்டாது. அதிலுள்ள நாப்தலினைப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியதாக இருக்கலாம் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2002-இல் வகைப்படுத்தியது. ஜி6பிடி குறைபாடு உள்ளவர்களுக்கு அது இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். ஒரு காலத்தில் மேல்நாட்டு நூலகங்களும் நூல்களுக்கு எத்திலீன் ஆக்சைடு என்ற வாயுவைச் செலுத்திப் பூஞ்சணத்தைக் கொன்றன. பிற்பாடு அதுவே மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதியானது. நூலுக்கு மருந்து, ஆளுக்கு நஞ்சு என்ற நிலை அங்கும் இருந்திருக்கிறது.

அங்கே மாறிவிட்டார்கள். அமெரிக்காவின் பாஸ்டன் பொது நூலகத்தில் 2015 செப்டம்பரில் அரிய நூல் பிரிவில் பூஞ்சணம் கண்டறியப்பட்டது. கோடை ஈரமே காரணம். உடனே அந்தப் பிரிவையே பல வாரங்களுக்கு மூடினார்கள். ஏறக்குறைய 5 இலட்சம் பொருள்களை, இத்தொழிலில் தேர்ந்த வெளி நிறுவனத்தைக் கொண்டு ஒவ்வொன்றாகத் தூய்மைப்படுத்திய பின்னரே திறந்தார்கள். அவர்களிடம் பணம் இருக்கிறது, செய்தார்கள் என்று கூறலாம். ஆனால் மூடுவதற்குப் பணம் தேவையில்லை. பூஞ்சணம் கண்ட அறையின் கதவில், "சரிசெய்யும் வரை யாரும் நுழைய வேண்டாம்" என்று ஒரு தாளை ஒட்டுவதற்கு என்ன செலவு?

சட்டமும் இன்று பணியாளர் பக்கம் சற்று நெருங்கி வந்திருக்கிறது. 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு சுகாதாரச் சட்டத்தின் திருத்தங்கள் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளன. முதலாளி ஒவ்வொருவரும் வேலையிட ஆபத்துகளை மதிப்பிட்டாக வேண்டும். குத்தகைக்காரர், உள்குத்தகைக்காரர் வழியாக வரும் தொழிலாளர்களின் பாதுகாப்பும் அவர்களை அமர்த்திய முதன்மை நிறுவனத்தின் பொறுப்பு. முதலாளியின் பொதுக் கடமையை மீறினால் விதிக்கக்கூடிய அபராதத்தின் உச்சம் 50,000 வெள்ளியிலிருந்து 500,000 வெள்ளியாக உயர்ந்திருக்கிறது. உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பும் தொழிலாளி அவ்விடத்தை விட்டு விலகவும் உரிமை உண்டு. வேலையால் நோய் வந்திருக்கலாம் என்று கருதும் மருத்துவர் அதை இலாகாவுக்கு அறிவிக்க வேண்டும் என்ற விதி 2004 முதலே இருக்கிறது. சின்னம்மாவைப் போன்றவர்களுக்கு இவற்றில் ஒன்றுகூடத் தெரியாது. சட்டம் மலாயிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கிறது. அதை இரண்டு பக்கத் தமிழில் எளிமையாக எழுதித் தருவது ஒரு தமிழ்மொழிக் கழகம் செய்யக்கூடிய வேலையல்லவா? கவிதைப் போட்டிக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதி போதும்.

"அப்படியானால் பழைய தமிழ் நூல்களைக் குப்பையில் வீசச் சொல்கிறாயா?" என்று ஒரு நண்பர் கேட்டார். சிலவற்றை வீசத்தான் வேண்டும் என்பது என் பதில். எல்லா நூலும் ஒரே வகையல்ல. 1986-ஆம் ஆண்டின் நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டப்படி இந்நாட்டில் வெளியாகும் ஒவ்வோர் அச்சு நூலின் ஐந்து படிகள் தேசிய நூலகத்துக்குப் போக வேண்டும். அங்கே நல்ல படி இருக்கிறதென்றால், நம் அலமாரியில் மக்கிப்போன பத்தாவது படியைக் கட்டியழுவதில் பொருளில்லை. பழைய பயிற்சி நூல்களும் காலாவதியான பாடநூல்களும் அப்படித்தான். அரியவை வேறு. 1924-இல் தொடங்கி 2019-இல் நின்றுபோன தமிழ் நேசனின் பழைய கட்டு ஒன்று ஒரு கோயில் மண்டபத்திலோ யாருடைய வீட்டிலோ கிடைத்தால் அதைத் தூக்கியெறிவது குற்றம். அதை உறையிலிட்டுத் தனிமைப்படுத்தி, முறையறிந்தவரிடம் கொடுத்து, மின்வடிவாக்க வேண்டும். இலங்கைத் தமிழ் நூல்களுக்காக 2005 முதல் நூலகம் என்ற தன்னார்வத் திட்டம் செய்து வருவதும், சென்னையின் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் 1990-களிலிருந்து நுண்படச் சுருளில் தொடங்கிச் செய்து வருவதும் இதுதான். எழுத்தைப் படமெடுத்து விட்டால், அடுத்து வாசிக்கும் ஆயிரம் பேர் அந்த வித்தைச் சுவாசிக்க வேண்டியதில்லை.

எங்கள் கழக அறையிலும் இரண்டு இரும்பு அலமாரிகள் இருக்கின்றன. இந்தப் பருவத்தில் 30 வெள்ளிக்கு ஓர் ஈரப்பதமானி வாங்கி அங்கே வைத்தேன். வெள்ளிக்கிழமை பிற்பகல், குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தபோது 61 காட்டியது. திங்கட்கிழமை காலை கதவைத் திறந்தபோது 84. மூன்று வாரம் இதே கதை. ஆகவே துடைப்பதைப் பற்றிப் பேசும் முன் உலர்த்துவதைப் பற்றிப் பேச வேண்டும். ஈரம் நீக்கும் சிறு கருவி ஒன்று சில நூறு வெள்ளி. அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைப்பதற்குக் காசே வேண்டாம். துப்புரவு நாள் வைப்பதானால் நூல்களை அறைக்குள் தட்டக்கூடாது. வெளித் தாழ்வாரத்தில், காற்று நம்மைவிட்டு அப்பால் வீசும் பக்கமாக நின்று, என்-95 முகக்கவசமும் கையுறையும் அணிந்து, உலர்ந்த நூலை மட்டும் மென்தூரிகையால் துடைக்க வேண்டும். ஹெப்பா வடிகட்டி இல்லாத தூசு உறிஞ்சியைப் பயன்படுத்தவே கூடாது, அது ஒரு பக்கம் உறிஞ்சி மறுபக்கம் அறை முழுதும் ஊதிவிடும். ஆஸ்துமா உள்ளவர்களை அந்த வேலைக்கு அழைக்கக் கூடாது. வராததற்கு அவர்களிடம் காரணக் கடிதம் கேட்கவும் கூடாது.

நம் அறையைத் துடைக்க வாரம் இருமுறை வரும் அக்காவுக்கும் இதே முகக்கவசம் கிடைக்க வேண்டும் என்று செயலவைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை, இடப்பக்க அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் இரண்டு அட்டைப் பெட்டிகளை யாரும் திறக்க வேண்டாம்.